உப்புத் தண்ணீர் திரும்பி வந்த கதை

நேயர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் பனியன் பெரும்பாலும் ஒரே கூரைக்குக் கீழே உருவாவதில்லை. ஒருவர் நிட்டிங் ஓட்டுவார், இன்னொருவர் சாயம் ஏற்றுவார். அப்புறம் காம்பாக்டிங், கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங் என்று துணி தெருத்தெருவாகப் போகும். ஒரு வேலையை மட்டும் கூலிக்குச் செய்துதரும் இந்த ஜாப் வொர்க் ஏற்பாடுதான் நாலு மெஷின் வைத்திருந்தவரையும் ஏற்றுமதிக்குள் கொண்டுவந்தது.

சிக்கல் சாயப்பட்டறையில் இருந்தது. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயத்தைத் துணியில் ஏற்றிவிட்டு உப்பு தண்ணீரிலேயே நின்றுவிடும். அந்தத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அணைத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அவர்கள் கேட்டது நியாயம். அவர்கள் விடாமல் நடத்திய வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாது என்று காட்டினால்தான் மீண்டும் திறக்கலாம்.

பொது சுத்திகரிப்பு நிலையங்கள் முன்பே இருந்தன. உப்பைப் பிடிப்பதில்தான் தோற்றன. சவ்வு வழியாக வடிகட்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும், மிஞ்சுவது கெட்டியான உப்புநீர். அதைக் கொதிக்கவைத்து வற்றவைக்க எரிபொருள் செலவு தாங்காது.

அப்போதுதான் திருப்பூர் பக்கத்து அருள்புரத்தில் உள்ள பொது சுத்திகரிப்பு நிலையத்தில் வேறு மாதிரி யோசித்தார்கள். உப்புநீரை ஏன் முழுசாக வற்றவைக்க வேண்டும்? நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, பட்டறைக்கே திருப்பி அனுப்பினார்கள். பட்டறைக்காரர்களுக்கு வேண்டியதே உப்புதானே! நிலையத்தில் வரிசையாக வைத்த கண்ணாடிக் குடுவைகளைப் பார்த்திருக்கிறேன். முதல் குடுவையில் காபி டிகாஷன் மாதிரி கறுப்பு, கடைசியில் பளிங்கு மாதிரித் தண்ணீர், பக்கத்தில் ஒரு கிண்ணம் வெள்ளை உப்பு.

இது தனி ஒரு பட்டறையால் ஆகிற காரியம் இல்லை. பல பட்டறைகள் பங்குப் பணம் போட்டன, ஒரே குழாயில் கழிவை அனுப்பின, உப்பு தேவைப்படுகிறவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். தொழில் ஓரிடத்தில் குவிந்ததால்தான் ஆறு கெட்டது. அதே குவிப்புதான் தீர்வுக்கும் இடம் கொடுத்தது. சிறுதொழிலில் புதுமை என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இன்னும் பாக்கி இருக்கிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வேதியியல் படிக்கும் பிள்ளைகள் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.