பதினெட்டுத் துண்டாகப் போன கூத்து

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பில் கலியாணம், கோயில் சடங்கு, கூத்து என்று கமெராவோடு அலைகிற ஆள் நான். இன்றைக்குப் பெரிய வீடியோ ஃபைலைத் துண்டாக்கி அனுப்புவது பற்றிப் பேசுகிறேன்.

ஒன்றும் இல்லாத 32 ஜிபி பென் ட்ரைவ் ஒன்றில் 5 ஜிபி கலியாண வீடியோவைப் போட்டுப் பாருங்கள். பெரிய ஃபைல், போகாது என்று அடம்பிடிக்கும். 'தம்பி, நீ தந்த பென் பழுது' என்று எனக்கு ஏச்சு விழும். பழுதில்லை. பென்னில் ஃபைல்களை அடுக்கி வைக்கிற ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்திருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. வீடு பெரிது, வாசல் சிறிது. கட்டிலைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

அந்தக் கழற்றுகிற வேலையை வின்ரார், செவன்-ஸிப் மாதிரி மென்பொருள்கள் செய்யும். செவன்-ஸிப் 1999 முதல் இலவசம். ஆனால் பலர் நினைப்பது, இதில் போட்டால் வீடியோ சின்னதாகிவிடும் என்று. ஆகாது! கமெராவே அதைப் பிழிந்துதான் எழுதுகிறது. மூன்றாம் பாலும் எடுத்த தேங்காய்ப்பூவைத் திரும்பப் பிழிந்தால் என்ன வரும்? 18 ஜிபி கொடுத்தால் ஏறக்குறைய 18 ஜிபிதான் திரும்பி வரும், நேரம்தான் போகும். அதனால் சுருக்கும் அளவு கேட்கிற இடத்தில் 'ஸ்டோர்' என்று வைத்துவிடுங்கள். பிழியாமல் கட்டு மட்டும் கட்டும்.

அப்போ எதற்குத் துண்டாக்குவது? வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வடமோடிக் கூத்து அரங்கேற்றம். இரவு தொடங்கி விடியும்வரை 8 மணித்தியாலம், ஃபைல் 18 ஜிபி. கூத்தைப் பழக்கி, மத்தளம் அடித்த அண்ணாவியாரின் மகன் ரொறன்ரோவில். 'அண்ணே, அப்பா ஆடவிட்ட கூத்தை முழுசாப் பாக்கணும்' என்றார். ஒரே ஃபைலாக ஏற்றினேன். இரவு டேட்டாவில் முக்கால்வாசி போனது, மறுகா கரண்ட் போனது. காலையில் பார்த்தால் பூச்சியம். அடுத்த இரவும் அதே கதை.

மூன்றாம் இரவு துண்டாக்கினேன். செவன்-ஸிப்பில் பாகத்தின் அளவு கேட்கிற பெட்டியில் 1000எம் என்று போட்டேன், அதாவது துண்டுக்கு ஏறக்குறைய 1 ஜிபி. 18 துண்டு, பெயரின் வாலில் 001, 002 என்று எண். இடையில் கரண்ட் போனாலும் போகிற துண்டு மட்டும்தான் நட்டம். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: துண்டாக்குவது சுருக்க அல்ல, இடையில் முறிந்தால் நட்டம் ஒரு துண்டோடு போக.

ரொறன்ரோவில் இறக்கிய அந்த மகன் என்ன செய்தார் தெரியுமா? எல்லாவற்றுக்கும் பெயர் மாற்றினார். 'வரவு', 'சபை', 'போர்' என்று கூத்தின் கட்டங்களை வைத்து! கலை உணர்வு. ஆனால் அந்த எண்ணை வைத்துத்தான் மென்பொருள் அடுத்த துண்டைத் தேடும். நான் ஃபோனில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் பழைய பெயரைத் திருப்பிப் போட்டார். பிறகும் திறக்கவில்லை. 'அளவைப் பாருங்க தம்பி' என்றேன். கடைசித் துண்டைத் தவிர எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும், 13ஆம் துண்டு மட்டும் முக்கால்வாசி. அதை மட்டும் திரும்ப இறக்கினார். எல்லாம் ஒரே ஃபோல்டரில், 001ஐ மட்டும் திறந்தார். மற்றவை தானாக வந்து சேர்ந்தன. கொஞ்ச நேரத்தில் ஃபோனுக்குள் கூத்தின் சல்லாரித் தாளச் சத்தம் கேட்டது. மனுசன் பேசவேயில்லை.

ஒன்று மறந்துவிட்டேன், விரித்தெடுக்க இரட்டை இடம் வேண்டும். 18 ஜிபி துண்டுக்கு, 18 ஜிபி முழு ஃபைலுக்கு. அப்புறம், விரித்ததைப் பெரிய பென்னில் போட, 4 ஜிபியைத் தாண்டிய ஃபைலையும் ஏற்கிற எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யலாம், உள்ளே இருப்பது அழியும், முதலில் வேறு இடத்தில் வையுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். கடவுச்சொல் போடுவதைப் பற்றிப் பேச வந்தேன், விடுவோம். வின்ராரில் மீட்புத் துண்டு என்று கூடுதலாக ஒன்றிரண்டு செய்யலாம். ஒரு துண்டு தொலைந்தாலும் அதை வைத்துத் திரும்ப உருவாக்கும். சரி, மைக்கை எடுக்கிறார்கள். வணக்கம்.