விதி ஒன்று, உயிர் இரண்டு

நண்பர்களே,

கருக்கலைப்பு என்று பேச்செடுத்தாலே இரண்டு குரல்கள் எழும். "கருவும் ஓர் உயிர், அதை அழிப்பது எந்தக் காலத்திலும் பாவம்" என்பார் ஒருவர். "அவரவர் நியாயம் அவரவருக்கு, இதில் நீங்கள் யார்?" என்பார் இன்னொருவர். முதலாமவர் மாறாத அறத்தை நம்புகிறவர், இரண்டாமவர் நம்பாதவர் என்று எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண்ணை வற்புறுத்திக் கருவைக் கலைக்க வைத்தால் அந்த இரண்டாமவர் சும்மா இருப்பாரா? கொதித்தெழுவார். அவள் உடல் அவளுக்கே உரியது என்பதில் அவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

சரி, மாறாத அற விதி ஒன்று இல்லாதவர் யாரும் இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதுதான் என் கவலை.

அயர்லாந்தைப் பாருங்கள். தாயின் உயிருக்கும் கருவின் உயிருக்கும் சம உரிமை என்று 1983இல் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பிணியான சவிதா ஹலப்பனவர் கால்வே நகரில் மருத்துவமனைக்குப் போனார். கரு பிழைக்காது என்று மருத்துவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று அவரே கேட்டார். கருவுக்கு இதயத் துடிப்பு இருக்கிறதே என்று மறுத்துவிட்டார்கள். அந்தத் துடிப்பைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்த நாட்களில் கிருமி இரத்தத்தில் பரவியது. அவருக்கு வயது 31. கருவும் போனது, தாயும் போனார். அந்த விதி யாரைக் காப்பாற்றியது? 2018இல் மக்களே வாக்களித்து அதை நீக்கினார்கள்.

உயிரைப் புனிதமாகக் கருதும் மரபுகள் எல்லாமே இப்படிக் கண்ணை மூடிக்கொண்டதில்லை. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, பிரசவத்தில் தாயின் உயிருக்கு ஆபத்து வந்தால் கருவை அழித்தாவது அவளைக் காப்பாற்றச் சொல்கிறது. குழந்தையின் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டாலோ, தொடக்கூடாது என்கிறது. கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே கரு தங்கித் தாயின் உயிருக்கு ஆபத்தானால் அந்தக் குழாயை அகற்றலாம் என்று கத்தோலிக்க அறவியலாளர்களும் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இவர்கள் தங்கள் விதியைக் கைவிடவில்லை. எதிரே படுத்திருப்பவளையும் பார்த்தார்கள்.

முடிவு பெண்ணுடையது என்று நம்புகிறவன் நான். எனக்கும் ஒரு கடினமான கேள்வி உண்டு. பெண் கரு என்பதற்காகவே கலைக்கிறார்களே, அதையும் அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாமா? என்னால் முடியாது. அந்த முடிவை எடுத்தது அவளா, அவளைச் சுற்றி நின்றவர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.