கைப்பேசி விளையாட்டும் நம்மூர் அரசியலும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேம் பற்றிப் பேச வந்த இடத்தில் அரசியல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அரசியல் அங்கே நுழைந்து வெகுநாளாயிற்று. 2020 ஜூனில் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீன வீரர்களுக்குள் மோதல் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி, பப்ஜி மொபைல் என்ற சுடும் விளையாட்டு உட்பட, சீனத் தொடர்புள்ள 118 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. லடாக்கில் மூண்ட பகை பாளையங்கோட்டைப் பையன் கைப்பேசி வரை வந்துவிட்டது. பிறகு 2021இல் பப்ஜி, பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது.

பணம் கட்டி ஆடுவது வேறு. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பியும், நம் சட்டமன்றம் 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் வீடியோ கேம் போட்டிகளை ஊக்குவிக்கவும் அதே சட்டம் வழி செய்தது. குடும்பங்களைக் கடனில் தள்ளும் ஆட்டத்தைத் தடுப்பது சரிதான். என் ஆதங்கம் என்னவென்றால், நம் கட்சிகளின் அக்கறை தடையோடு நின்றுவிடுகிறது. கேம் ஆடக் கூடுகிற பிள்ளைகளிடம் போய்ப் பேச ஆளில்லை.

வெளியே பாருங்கள். 2020 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ், ‘அமாங் அஸ்’ என்ற கேமை இணைய நேரலையில் ஆடிக்கொண்டே இளைஞர்களை ஓட்டுப் போட அழைத்தார். ஒரே நேரத்தில் நாலு லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

நேபாளத்தில் நடந்தது இன்னும் பெரிது. 2025 செப்டம்பரில், ஊழலும் சமூக ஊடகத் தடையும் பொறுக்காமல் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். உயிர்கள் போயின. பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். அடுத்து யார் என்பதை அவர்கள் டிஸ்கார்டு என்ற உரையாடல் செயலியில் விவாதித்தார்கள், வாக்கெடுத்தார்கள். முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கியின் பெயர் அங்கே முன்னுக்கு வந்தது. செப்டம்பர் 12ஆம் தேதி அவரே இடைக்காலப் பிரதமரானார். டிஸ்கார்டு, கேம் ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ள 2015இல் வந்த செயலி. வாக்களித்தவர் யார், எந்த ஊர்க்காரர் என்று சரிபார்க்க முடியாத இடம் அது என்ற கவலையும் நியாயமானதுதான். ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்குக் கூடிப் பேச ஓர் இடம் இருந்தது.

நம் ஊருக்கு வருவோம். சாயங்காலம் வண்ணார்பேட்டை டீக்கடைப் பக்கம் நின்றால் கேட்கலாம். பைக்கில் சாய்ந்தபடி ஒரு பையன், காதில் இயர்போன். “ஏலே, நாக் ஆயிட்டேன், ரிவைவ் பண்ணு!” “கவர் கொடுலே, வாரேன்.” விழுந்தவனைத் தூக்கப் போகிறவனுக்கு, தானும் சுடப்படலாம் என்று தெரியும். தெரிந்தும் போகிறான். அந்த நாலு பேர் ஸ்க்வாடில் (அணியில்) ஒருவன் மேலப்பாளையம், ஒருவன் நாங்குநேரி, ஒருவன் கடையநல்லூர். குரல்தான் தெரியும். மணிக்கட்டில் எந்தச் சாதியின் நிறக் கயிறு என்று தெரியாது.

கயிறு என்றால் நெல்லைச் சீமைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் சாதிவெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதிக்கயிறு கட்டக் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது.

ஆட்டத்துக்குள்ளும் அந்த நோய் வருகிறது. ஆட்டத்தில் வைத்துக்கொள்ளும் பெயரான ஐடியில் சாதிப் பெயரை ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஊர்ப் பெயரைக் கேட்டதும் “எந்தத் தெரு?” என்று மைக்கில் கேட்கிறவர்களும் உண்டு. அதுவரை கலகலவென்று பேசிய பையன் அதற்குப் பிறகு வாய் திறப்பதில்லை. நானும் ஆடுகிறவன் என்பதால் இதைக் காதால் கேட்டிருக்கிறேன். நெஞ்சு பதறுகிறது. முகம் தெரியாமல் தோழர்களாகச் சேர்ந்தவர்களை அந்த ஒரு கேள்வி பிரித்துவிடுகிறது. இதைக் கவனிப்பது அரசியல் வேலை இல்லையென்றால் வேறு எது அரசியல்?

ஒரு காலத்தில் கட்சிகள் தெருத்தெருவாகப் படிப்பகம் திறந்து, பேப்பர் போட்டு, இளைஞர்களைப் பேச வைத்தன. இன்று அவர்கள் கூடும் இடம் கேம் லாபி. பாளையங்கோட்டைக் கல்லூரிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கலைவிழாவில் இ-ஸ்போர்ட்ஸ் போட்டி வையுங்கள். அணிகளைக் குலுக்கல் போட்டுப் பிரியுங்கள். ஐடியில் சாதிப் பெயர் இருந்தால் சேர்க்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் அந்த நாலு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, தாமிரபரணியில் கலக்கும் சாக்கடையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். எதிரே வார்டு கவுன்சிலர் உட்கார்ந்து பதில் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.