கோவா 70.3: சைக்கிள்ல அடக்கி ஓட்டினாதான் கடைசியில ஓட முடியும்

வணக்கம் மக்களே. கோவா 70.3, அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் ஒரே மூச்சுல முடிக்கிற அயர்ன்மேன் டிரையத்லான். அதுக்குப் பேர் குடுத்துட்டு, பயிற்சியில பாதி தாண்டிட்டவங்களுக்கான வீடியோ இது. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மைல் கணக்குல கூட்டினா 70.3, பேரு வந்தது அப்படித்தான். 2019ல மிராமர் பீச்சுல ஆரம்பிச்ச போட்டி. எந்த வாரம் எவ்வளவு நீந்தணும், ஓடணும்னு அட்டவணை நெட்ல கொட்டிக் கிடக்கு, அதை நான் தொடப் போறதில்ல. சைக்கிள்ல எவ்வளவு மிதிக்கணும்? இன்னைக்கு அது மட்டும்தான். தனியா ஹாஃப் மாரத்தான் ரெண்டு மணி நேரத்துல முடிக்கிற ஆளு இங்க மூணு மணி நேரம் நடந்து வர்றார்னா, அந்தக் கடன் பெரும்பாலும் முதல் 30 கிலோமீட்டர் சைக்கிள்லயே வாங்கினது.

முதல்ல கட்-ஆஃப் பயத்தை, அதாவது நேர வரம்பைத் தாண்டினா வெளிய அனுப்பிடுவாங்கன்ற பயத்தைத் தீர்த்துடுவோம், பயத்துலதான் நிறைய பேர் ஆரம்பத்துலயே போட்டு மிதிக்கிறாங்க. 70.3ல வழக்கமான கணக்கு: நீச்சல் 1 மணி 10 நிமிஷம், சைக்கிள் முடிக்க ஆரம்பத்துல இருந்து ஐந்தரை மணி நேரம், மொத்தம் எட்டரை. உங்க வருஷத்துக்கான அத்லெட் கைடுல ஒருதடவை சரிபாத்துக்கோங்க. நீச்சலுக்கு 100 மீட்டர் 3 நிமிஷம் 40 செகண்ட் போதும். நீங்க 55 நிமிஷத்துல கரை ஏறி, டி1ல, அதாவது நீச்சல்ல இருந்து சைக்கிளுக்கு மாறுற இடத்துல, 8 நிமிஷம் எடுத்தாக்கூட, சைக்கிளுக்கு 4 மணி 27 நிமிஷம் கையில இருக்கு. சராசரி 20.3 கிலோமீட்டர் வேகம் வந்தா போதும். ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல குரூப் ரைடு போற யாருக்கும் இது பெரிய வேகம் கிடையாது. அதனால கட்-ஆஃப் துரத்துதுன்னு மிதிக்காதீங்க.

இப்ப வாட்ஸ், அதாவது பெடல்ல நீங்க போடுற பலம், பவர் மீட்டர் காட்டுறது. எஃப்டிபின்றது ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட். அதுக்கான டெஸ்ட் தெரிஞ்சிருக்கும்: நல்லா வார்ம்-அப் பண்ணிட்டு 20 நிமிஷம் முழு பலத்தோட மிதிச்சு, அந்தச் சராசரியை 0.95ஆல பெருக்கணும். உங்களுக்கு 200 வாட்னு வெச்சுக்குவோம். போட்டியில எஃப்டிபில 75ல இருந்து 80 சதவீதம் மிதிக்கணும்னு நிறைய இடத்துல போட்டிருக்கும். அது ரெண்டரை, ரெண்டே முக்கால் மணி நேரத்துல 90ஐ முடிக்கிறவங்களுக்குச் சரி. மூணு மணி நேரத்துக்கு மேல சீட்ல உட்காரப் போறவங்க 70ல இருந்து 75க்குள்ள நிக்கணும். கோவா வெயிலுக்கு அதுலயும் கீழ்ப்பக்கம். அப்போ 200க்கு 140ல இருந்து 150. முதல் 20 நிமிஷம் 140ஐத் தாண்டவே வேண்டாம்.

"அவ்வளவு கம்மியா?"ன்னு தோணும். கணக்கு போட்டுப் பாருங்க. சாதாரண ரோடு பைக்ல, சமதளத்துல, 145 வாட்டுக்குத் தோராயமா 28 கிலோமீட்டர் வேகம் கிடைக்குதுன்னா 90 கிலோமீட்டருக்கு 3 மணி 13 நிமிஷம். அதையே 165 வாட்ல மிதிச்சா எவ்வளவு மிச்சம்? ஏறக்குறைய 8 நிமிஷம். வேகம் கூடக் கூட காத்தோட எதிர்ப்பு அதைவிட வேகமா ஏறும். 14 சதவீதம் அதிகமா உழைச்சா நாலு சதவீதம் வேகம்தான் வருது. இப்ப ஓட்டத்துக்கு வாங்க. கிலோமீட்டருக்கு ஆறரை நிமிஷத்துல ஓட வேண்டிய ஆளு கடைசி 10 கிலோமீட்டரை ஒன்பதரை நிமிஷத்துல நடந்தா 30 நிமிஷம் போச்சு. எட்டை மிச்சம் பிடிச்சு முப்பதை விடுறது என்ன வியாபாரம்?

ஏத்தத்துல 180 வாட் உச்சவரம்பு, அதாவது எஃப்டிபில 90 சதவீதம். கியரை முன்கூட்டியே இறக்கிடுங்க, நின்னு மிதிக்க வேண்டாம். இறக்கத்துல மிதிக்கிறதை விட்டுட்டு உடம்பைக் குனிச்சுக்கோங்க, அங்க வாட் செலவு பண்றதுல பலன் ரொம்பக் கம்மி. ரைடு முடிஞ்சதும் வேரியபிலிட்டி இண்டெக்ஸ் பாருங்க, அதாவது நார்மலைஸ்டு பவரை (திடீர்னு போட்டு மிதிச்சதுக்குக் கூடுதல் எடை குடுத்துக் கணக்கு போட்ட பவர், ஆப்பே காட்டும்) சராசரி பவரால வகுத்தது. 1.05க்குக் கீழ இருந்தா சீரா ஓட்டிருக்கீங்க. 1.10 வந்தா, சராசரி அழகா இருந்தாலும் காலு ஏற்கெனவே வெந்துடுச்சு.

பவர் மீட்டர் இல்லாதவங்க வேகத்தைப் பாத்து ஓட்டாதீங்க. எதிர்க்காத்துல 24, திரும்பி வரும்போது 33, ரெண்டுமே ஒரே உழைப்பா இருக்கலாம். முட்டுக்காடு தாண்டி ஓட்டிருக்கிறவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஹார்ட் ரேட்டையும் முதல் கால் மணி நேரம் நம்பாதீங்க, தண்ணில இருந்து ஓடி வந்ததால மேலயே நிக்கும். பேச்சு டெஸ்ட்தான் வழி: ஒரு முழு வாக்கியம் நடுவுல மூச்சு வாங்காம சொல்ல முடியணும். அது முடியலைன்னா குறைங்க.

பக்கத்துல ஒருத்தர் கார்பன் வீல் சத்தத்தோட தாண்டிப் போவார். போகட்டும். அவரு பின்னாடி ஒட்டிக்கவும் முடியாது, முன் சக்கரத்துல இருந்து முன் சக்கரத்துக்கு 12 மீட்டர் இடைவெளி ரூல். தாண்டினவருக்கு வழி விட்டு நீங்கதான் பின்வாங்கணும்.

சரி, வெயில். நம்ம ஊர்ல எல்லாரும் காலை நாலரைக்குக் கிளம்பி எட்டு மணிக்கு இட்லி சாப்பிட உட்காந்துடறோம். டிராஃபிக்குக்கு அதான் சரி. ஆனா போட்டியில நீங்க ஓட ஆரம்பிக்கிறதே 11 மணியை ஒட்டித்தான், முடிக்கும்போது உச்சி வெயில் தாண்டிருக்கும். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போயிடும், காலுக்கும் வயித்துக்கும் கிடைக்கிறது குறையும். அதே வாட்டுக்கு ஹார்ட் ரேட் பத்து, பதினைஞ்சு ஏறும். குடிச்சதும் வயித்துல அப்படியே தளும்பிக்கிட்டு நிக்கும். வெயிலுக்குப் பழக 10ல இருந்து 14 நாள் வேணும். அதனால கடைசி ரெண்டு, மூணு வாரம் ரைடைக் காலையிலயே முடிச்சுட்டு, ஒன்பது மணிக்கு மேல அரை மணி, முக்கால் மணி நேரம் மெதுவா ஓடுங்க. இல்லன்னா வீட்டுக்குள்ள சைக்கிளை மாட்டி மிதிக்கிற டிரெய்னர்ல ஃபேன் இல்லாம 40 நிமிஷம், குறைஞ்ச வாட்ல. தலை சுத்தினாலோ, குளிர்ற மாதிரி சிலிர்த்தாலோ உடனே நிறுத்திடணும், வீம்பு வேண்டாம்.

இப்ப இந்த பாட்டிலைப் பாருங்க. 750 மில்லி. இதுல போடப் போறது வீட்டுச் சர்க்கரை 50 கிராம், மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது ஸ்டார்ச்ல இருந்து எடுக்கிற வெள்ளைப் பவுடர், 25 கிராம். ஸ்பூன்ல அள்ளாதீங்க, கிச்சன் தராசுல வெச்சு நிறுத்துப் போடுங்க. சர்க்கரைன்றது பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். மால்டோ முழுக்க குளுக்கோஸ். ஆக, குளுக்கோஸ் 50, ஃப்ரக்டோஸ் 25, ரெண்டுக்கு ஒண்ணு. குடல்ல ரெண்டுக்கும் வேற வேற வாசல், அதனாலதான் ஒரு மணி நேரத்துக்கு 75 கிராம் உள்ள போக முடியுது. குளுக்கோஸ் மட்டும் குடுத்தா 60 கிராம் பக்கத்துல வாசல் அடைச்சுக்கும். உப்பு கால் டீஸ்பூன், ஒன்றரை கிராம், அதுல சோடியம் 590 மில்லிகிராம் மாதிரி வரும். அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சா குடிக்கிற மாதிரி இருக்கும். இது ஒரு மணி நேரத்துக்கான பாட்டில். கரைசல் கொஞ்சம் கெட்டிதான், அதனால வழியில தண்ணி குடுக்கிற எய்ட் ஸ்டேஷன்ல வெறும் தண்ணி வாங்கி நடுநடுவுல குடிக்கணும். இதையே இன்னும் கெட்டியாக்கி மூணு மணி நேரத்தையும் ஒரே பாட்டில்ல அடைச்சு, தண்ணி இல்லாமக் குடிச்சா, குடல் உடம்புல இருக்கிற தண்ணியை உள்ள இழுக்கும், அப்புறம் டாய்லெட் தேடணும்.

ஓஆர்எஸ் குடிச்சா போதாதான்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஒரு லிட்டர் பாக்கெட்ல குளுக்கோஸ் 13.5 கிராம்தான். மூணு லிட்டர் குடிச்சாலும் 40 கிராம், ரெண்டு வாழைப்பழம்கூட இல்ல. அது வயித்துப்போக்குக்குச் செஞ்சது, சோடியம் நிறைய, சாப்பாடு கிடையாது. கடலைமிட்டாயும் வேண்டாம், கொழுப்பு இருக்கிறதால மெதுவா செரிக்கும்.

சைக்கிள் ஏறி 10 நிமிஷத்துல முதல் வாய், அப்புறம் கால் மணிக்கு ஒருதடவை. வாட்ச்ல அலாரம் வெச்சுடுங்க, பசிக்கட்டும்னு காத்திருந்தா லேட். எவ்வளவு குடிக்கணும்னு தெரிய, ரைடுக்கு முன்னாடி 70 கிலோ, ஒரு மணி நேரம் கழிச்சு துடைச்சுட்டு ஏறினா 69.1, நடுவுல அரை லிட்டர் குடிச்சிருக்கீங்கன்னா உங்க வியர்வை 1.4 லிட்டர். அதை முழுசா ஈடுகட்ட முயற்சி பண்ண வேண்டாம், பாதிக்கு மேல போனா போதும். போட்டி முடியும்போது எடை கூடியிருந்தா அது ஆபத்து, ரத்தத்துல சோடியம் இறங்கிடும்.

பேக்கிங்ல ஒண்ணே ஒண்ணு. பெட்டியில போட்டு அனுப்புற சைக்கிள்ல முதல்ல வளையறது டீரெய்லர் ஹேங்கர்தான், பின் கியரை மாத்துற டீரெய்லரைப் பிடிச்சிருக்கிற இந்தச் சின்ன அலுமினியத் துண்டு. டீரெய்லரைக் கழட்டி பப்பிள் ராப் சுத்தி உள்பக்கமா கட்டுங்க, உங்க ஃப்ரேமுக்கான ஸ்பேர் ஹேங்கர் ஒண்ணு பையில போடுங்க. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வேற மாடல், கோவால போய் தேடினா கிடைக்கறது கஷ்டம். சேர்த்து மாட்டினதும் பெரிய பல்லுக்கு மாத்தி, கையால சுத்திப் பாருங்க. ஸ்போக்ல உரசினா வளைஞ்சிருக்கு. டயருக்கு முதல் நாள் வெயில்ல செக்-இன் பண்ணும்போது காத்தைக் கொஞ்சம் குறைச்சு வெச்சுட்டு, போட்டி அன்னைக்குக் காலையில 80 பிஎஸ்ஐ பக்கம் அடிங்க, 25 மில்லிமீட்டர் டயர், 70 கிலோ ஆளுக்குச் சொல்றேன்.

நீச்சல்ல சொல்ல அதிகம் இல்ல. தண்ணி வெதுவெதுப்பா இருக்கும், வெட்சூட்டை, அதாவது மிதக்க உதவுற ரப்பர் நீச்சல் உடையை, நம்பிப் போகாதீங்க. கழுத்து, அக்குள்ல வாசலைன். முதல் 200 மீட்டர் வேணும்னே மெதுவா, எட்டு ஸ்ட்ரோக்குக்கு ஒருதடவை தலை தூக்கி மிதவையைப் பாருங்க.

ஓட்டத்துல முதல் மூணு கிலோமீட்டர் டார்கெட்டைவிட 20 செகண்ட் மெதுவா. சைக்கிள்ல இருந்து இறங்கினதும் காலுக்கு வேகம் தெரியாது, மெதுவா ஓடறதா நினைச்சுக்கிட்டே அஞ்சரையில போயிட்டிருப்பீங்க. வாட்சைப் பாருங்க. ஒவ்வொரு எய்ட் ஸ்டேஷன்லயும் 30 செகண்ட் நடந்தே குடிங்க. ஓடிக்கிட்டே குடிச்சா பாதி மூக்குலதான் போகும். ஐஸ் கிடைச்சா தொப்பிக்குள்ளயும் கழுத்துக்குப் பின்னாடியும் வைங்க. தண்ணியைத் தலையில ஊத்தும்போது மட்டும் முன்னாடி நல்லா குனிஞ்சு ஊத்துங்க. நிமிர்ந்து ஊத்தினா அது கால் வழியா இறங்கி ஷூவுக்குள்ள போயிடும், பத்தாவது கிலோமீட்டர்ல குதிகால்ல கொப்புளம் நிச்சயம்.