மைனஸ் 196-ல் சாகாத செடி, மழையில் எப்படிச் செத்தது?

[திரையில்: உள்ளங்கை அளவில் ஒரு பச்சை மெத்தை. நடுவில் பழுப்புத் திட்டு.]

வணக்கம் மக்களே. இந்தச் செடியை ஒரு நிமிடம் நன்றாகப் பாருங்கள். பெயர் சாக்ஸிஃப்ராகா ஒப்போசிட்டிஃபோலியா. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது, அதனால் இனி சாக்ஸி. இதைக் குளிர்காலத்தில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், திரவ நைட்ரஜனின் குளிர் வரை இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். மைனஸ் 196 டிகிரி. அதற்கும் அசரவில்லை, பிழைத்துக்கொண்டது.

அப்படிப்பட்ட செடி என் வீட்டு வாசலில், மைனஸ் 4-ஐக்கூடத் தொடாத ஒரு ஜனவரியில் செத்துப்போனது. கொலைகாரன் நான்தான். உடந்தை என் அம்மா.

நடந்தது இதுதான். நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்குப் பக்கம். ஒரு நர்சரியில் ஆசைப்பட்டு இதை வாங்கி வாசலில் வைத்தேன். டிசம்பரில் அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "டேய், அந்தச் செடி நடுங்குதுடா, ஒரு துணியாவது போர்த்துடா" என்றார். துணி நனையுமே என்று நான் புத்திசாலித்தனமாக பபுள் ராப் சுற்றினேன். மூன்று வாரம் கழித்துப் பிரித்தேன். விரலால் லேசாக அழுத்தினால், நாள்பட்ட வாழைப்பழத்தில் இறங்குவது போல விரல் உள்ளே போனது. வாசனையைப் பற்றிப் பேசவேண்டாம், சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவர்கள் இருப்பீர்கள்.

சரி, பாடப்புத்தகப் பகுதியை வேகமாக முடித்துவிடுவோம். சாக்ஸி ஒரு குஷன் செடி. குஷன் செடி என்றால், மரம் வளரமுடியாத உயரத்தில் காற்றுக்குப் பயந்து தரையோடு ஒட்டி, குட்டிக் குட்டித் தண்டுகள் நெருக்கியடித்து மெத்தை மாதிரி வளரும் செடி. ஆல்ப்ஸ், இமயமலை, ஆண்டிஸ், நியூசிலாந்து, எல்லா இடத்திலும் உண்டு. நியூசிலாந்தில் ஒரு வகை வெள்ளை வெளேரென்று பெரிதாகத் திரண்டு கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஆடு படுத்திருக்கிறது என்றே நினைப்பீர்கள், அதனால் அதற்குத் 'தாவரச் செம்மறி' என்றே பெயர். பாடம் முடிந்தது.

[திரையில்: சுவிட்சர்லாந்து, டோம் சிகரம்.]

இப்போது குளிருக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் டோம் என்று ஒரு சிகரம், உயரம் 4545 மீட்டர். உச்சிக்குச் சுமார் 40 மீட்டர் கீழே, பாறை இடுக்கில் நம்ம சாக்ஸி பூத்துக்கொண்டிருந்தது. பேசல் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் கிறிஸ்டியன் கோர்னர் அங்கே வெப்பமானியை வைத்து அளந்தார். குளிர்காலத்தில் மைனஸ் 20.9 வரை இறங்கியது. அதைவிட என்னைத் திகைக்க வைத்தது கோடைக் கணக்குதான். வருடத்திலேயே வெதுவெதுப்பான நாட்களில்கூட, ஒவ்வொரு இரவும் அந்தச் செடி உறைந்திருக்கிறது. பகலில் உருகி வளர்கிறது, ராத்திரி கட்டியாகிவிடுகிறது, காலையில் மறுபடி வேலைக்கு வந்துவிடுகிறது. நான் திங்கட்கிழமைக்கே அலுத்துக்கொள்கிற ஆள்.

எப்படித்தான் முடிகிறது? எனக்குப் பிடித்த பகுதியே இதுதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு தக்காளியை ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறுநாள் வெளியே எடுத்து வையுங்கள். அரை மணி நேரத்தில் கொழகொழவென்று தண்ணீர் விட்டுப் படுத்துவிடும். தக்காளி முழுக்கத் தண்ணீர். அது ஐஸாக மாறும்போது செல்களின் சவ்வு கிழிந்துபோகிறது. உருகியதும் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே ஓடிவிடுகிறது.

சாக்ஸி என்ன செய்கிறது தெரியுமா? வத்தல் போடுகிறது! சத்தியமாக. ஐஸ் முதலில் செல்லுக்கு வெளியே, செல்களுக்கு இடையில் இருக்கும் சந்துகளில் உருவாகிறது. உருவான ஐஸ், செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை மெல்ல மெல்ல வெளியே இழுக்கிறது. குளிர் ஏற ஏற செல் சுண்டிக்கொண்டே போகிறது, மொட்டைமாடியில் பாட்டி காயவைத்த சுண்டைக்காய் மாதிரி. பாட்டிக்கு வெயில், இதற்குக் குளிர், அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே மிச்சம் இருப்பது சர்க்கரை ஏறிய கெட்டிப் பாகு. தேன் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள், இறுகுமே தவிர ஐஸ்கட்டி ஆகாது. அந்த நிலைக்குச் செல் போய்விட்டால் உறைவதற்கு உள்ளே தண்ணீர் என்று ஒன்றுமே இல்லை. அதற்கப்புறம் மைனஸ் 30 என்ன, 196 என்ன? வசந்தம் வந்ததும் ஐஸ் உருகி, தண்ணீர் திரும்ப உள்ளே போகும். ஊறப்போட்ட வத்தல்!

ஆனால் வத்தல் ஒரே நாளில் காயுமா? அதேபோல் இதற்கும் நாள் வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் பகல் குறுகி, இரவு சில்லிட்டு, வாரக்கணக்கில் பழகினால்தான் இந்த வித்தை வரும். வளர்ந்துகொண்டிருக்கும் கோடையில் இப்படிப்பட்ட மலைச்செடிகள் பலவற்றுக்கு மைனஸ் 5, மைனஸ் 8 வந்தாலே இலை கருகிவிடும். பிப்ரவரியில் எங்கள் ஊரில் திடீரென்று ஒரு வாரம் 13 டிகிரி அடிக்கும். வசந்தம் வந்துவிட்டதென்று செடி ஏமாந்து தண்ணீரை உள்ளே விட்டுக்கொள்ளும். அடுத்த வாரம் உறைபனி. நான் சுற்றிய பபுள் ராப்பும் இதே ஏமாற்று வேலையைத்தான் செய்தது.

அதையாவது செடி தாங்கியிருக்கும், ஈரத்தைத் தாங்கவில்லை. மலையில் இலையுதிர்காலம் முடிந்தால் மழை கிடையாது, பனிதான். பனி நனைக்காது! அடியில் சுமார் பூஜ்ஜியம் டிகிரியில், செடி இருட்டில் நிம்மதியாகத் தூங்கும். எங்கள் ஊரிலோ 6 டிகிரியில் தூறல், நாள் முழுக்க. குஷன் செடி தன் பழுத்த இலைகளை உதிர்க்காது, உள்ளேயே சேர்த்துவைக்கும். மலையில் அது அதன் சொந்த எருக்குழி. இங்கே அதுவே ஈரம் குடித்த பஞ்சு. காற்றுப் போகாமல் நான் வேறு மூடி வைத்தேனா, சாம்பல் பூஞ்சணத்துக்குக் கல்யாண விருந்து.

இதுவரை பிடித்திருந்தால் ஒரு லைக் போடுங்கள். செத்த செடி 14 பவுண்டு.

செய்யவேண்டியது கொஞ்சம்தான். மண்ணில் பாதிக்குப் பாதி சிறு ஜல்லி. செடியின் கழுத்தைச் சுற்றி இரண்டு செ.மீ. சரளைக்கல், மெத்தைக்கு அடியிலும் விரலால் தள்ளிவிடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை தலைக்கு மேல் ஒரு கண்ணாடித் துண்டு, நான்கு பக்கமும் திறந்தபடி. அவ்வளவுதான்.

இதில் பைத்தியம் முற்றியவர்கள் ஆல்பைன் ஹவுஸ் கட்டுவார்கள். ஹீட்டர் இல்லாத கண்ணாடி வீடு, ஜன்னல்கள் நடுக்குளிரிலும் திறந்தே இருக்கும். லண்டன் கியூ தோட்டத்தில் 2006-ல் திறந்த ஒன்று இருக்கிறது. கரையான் புற்றில் காற்று ஓடுவது போல, தரைக்கு அடியில் குளிர்ந்த காற்று வந்து செடிகள் மேல் வீசும். ஈரான், ஆப்கானிஸ்தான் பாறைகளில் வளரும் டயோனிசியா என்ற குஷனை வளர்ப்பவர்கள் அதன் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டார்கள். மண்தொட்டியை மணலில் புதைத்து, மணலுக்குத்தான் தண்ணீர். வாடிய பூக்களை ட்வீசரால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். என் புருவத்துக்குக்கூட இவ்வளவு கவனிப்பு கிடைத்ததில்லை.

[திரையில்: வாசல். கண்ணாடிக்கு அடியில் புதுச் செடி. பின்னால் மழை.]

இது என் இரண்டாவது சாக்ஸி. வாரம் ஒருமுறை விரலால் அழுத்திப் பார்ப்பேன், இதுவரை கல் மாதிரி இருக்கிறது. போன வாரம் இரவு மைனஸ் 7, காலையில் இலை ஓரமெல்லாம் வெள்ளையாக உறைபனி. அம்மாவுக்கு கேமராவில் காட்டினேன். இந்த முறை போர்வையைப் பற்றிப் பேச்சே இல்லை. "மழை வருதா பாருடா, அந்தக் கண்ணாடி காத்துல நகர்ந்திருக்கு" என்றார். நிஜமாகவே நகர்ந்திருந்தது. இருங்கள், சரி பண்ணிவிட்டு வருகிறேன்.