எழுத்தைப் படிக்கும் முன்பே எல்லை கட்டும் கண்

எல்லோரும் திரையைப் பாருங்கள். அவ்வளவுதான், அணைத்துவிட்டேன். கால் நொடிகூட இருக்காது. எத்தனை பகுதி தெரிந்தது? "இரண்டு" என்று பல குரல்கள். படத்தில் இருந்தவை மூன்று: இடப்பக்கம் சாய்ந்த ஆங்கில டி (T) எழுத்துகள், நடுவில் நிமிர்ந்த டி, வலப்பக்கம் எல் (L). சாய்ந்ததற்கும் நிமிர்ந்ததற்கும் நடுவே வரப்பு போட்டதுபோல எல்லை தெரிகிறது. டிக்கும் எல்லுக்கும் நடுவே அப்படி எதுவும் தட்டுப்படவில்லை.

உளவியலாளர் ஜேக்கப் பெக் 1966இல் வெளியிட்ட சோதனையின் சாயல் இது. வேடிக்கை என்னவென்றால், எழுத்துகளைத் தனித்தனியே காட்டி, நிமிர்ந்த டி எதைப்போல இருக்கிறது என்று கேட்டால், சாய்ந்த டியைத்தான் கைகாட்டுவோம். எல் நமக்கு அந்நியம். கால் நொடியில் கண் போட்ட கூட்டணியோ நேர்மாறு!

ஏன்? கண்ணின் சேதி பெருமூளையில் முதலில் போய்ச் சேரும் இடம் பின்தலைப் பக்கம் இருக்கிறது. அங்குள்ள செல்களின் குணத்தை நரம்பியல் ஆய்வாளர்கள் ஹ்யூபலும் வீசலும் 1959இல் பூனையிடம் கண்டார்கள். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சின்னச் சன்னல். அதில் தனக்குரிய சாய்வில் கோடு வந்தால் துடிக்கும். எழுத்து என்ற ஒன்றே அதற்குத் தெரியாது. டியில் ஒரு படுக்கைக் கோடு, ஒரு நெட்டுக் கோடு. எல்லிலும் அதே இரண்டு. டியைச் சாய்த்தால் துடிக்கும் செல்களே வேறு. அடுத்த கட்டம் இந்தத் துடிப்புகளை அகன்ற பரப்பில் கூட்டுகிறது. கூட்டுத்தொகை எங்கே சட்டென்று மாறுகிறதோ, அங்கே எல்லை விழுகிறது.

இதற்கு வேறு விளக்கமும் இருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பேலா யூலெஸ், படத்தின் புள்ளிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு இரு பரப்புகளிலும் ஒரே புள்ளிவிவரம் வந்தால், அந்தப் பரப்புகளைக் கண் சட்டெனப் பிரிக்காது என்று ஊகித்தார். அதைப் பொய்யாக்கும் படங்களை உருவாக்கியதும் அவரும் அவர் சகாக்களும்தான். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கக் காரணமே இதுதான். பிறகு 1981இல், கோட்டின் முனை, வெட்டுப்புள்ளி போன்ற சிறு கூறுகளைக் கண் எடைபோடுகிறது என்றார். டெக்ஸ்டான் என்று பெயரும் வைத்தார். எல் கூட்டத்தின் நடுவே எக்ஸ் (X) கூட்டம் பளிச்சென்று தெரிவதற்கு எக்ஸின் வெட்டுப்புள்ளியே காரணம் என்று தோன்றியது.

1988இல் பார்வை ஆய்வாளர்கள் பெர்கனும் அடெல்சனும் ஒரு சின்ன வேலை செய்தார்கள். எல்லின் கைகளைக் கால்பங்கு குறைத்தார்கள். மொத்த வெளிச்சம் மாறாதபடி சரிக்கட்டினார்கள். இதோ, அதே மாதிரி ஒரு படத்தைத் திரையில் போடுகிறேன். ஒவ்வொரு எக்ஸிலும் வெட்டுப்புள்ளி அப்படியே இருக்கிறது. எல்லையைத்தான் தேட வேண்டியிருக்கிறது.