காலக்கயிறும் 39 கடலையும்: வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு செயற்பாடு

வணக்கம் டீச்சர்மாரே, சேர்மாரே. மேசையில இருக்கிறத பாருங்க. 12 மீட்டர் தும்புக் கயிறு, சிவப்பு கம்பளி நூல், உடுப்பு கிளிப் 25, கடலை 39. ஏன் 39னு அப்புறம் சொல்றேன். தரம் 10, 11 புள்ளைங்களுக்கு ரெண்டு பாடவேளை போதும்.

முதல்ல கயிறு, இதுதான் நம்ம மலையக வரலாற்றோட காலக்கோடு. ஒரு வருஷத்துக்கு 5 சென்ரிமீட்டர். அப்ப பத்து வருஷத்துக்கு அரை மீட்டர். 1810ல இருந்து 2010 வரைக்கும் 10 மீட்டர், பத்து வருஷத்துக்கு ஒரு சிவப்பு நூல் முடிச்சுன்னு 21 முடிச்சு. ரெண்டு பக்கமும் மிஞ்சுற ஒரு மீட்டர் கட்டுறதுக்கு. நைலோன் கயிறு வேணாம், நூல் முடிச்சு வழுக்கி நகர்ந்துடும். வராந்தா தூண்ல புள்ளைங்க நெஞ்சு உயரத்துக்குக் கட்டுங்க, நடுத்தூண்ல இன்னொரு கட்டு கட்டாயம். தொய்ஞ்சா கிளிப்பெல்லாம் நடுவுக்கு ஓடிவந்து வருஷம் குழம்பிடும்.

அடுத்தது சம்பவங்கள எழுதி மாட்டுற அட்டை, ஏ4 அளவ எட்டாக வெட்டினது. நெடுக்கா தொங்கவிட்டா அகலம் ஏழரை சென்ரிமீட்டருக்குள்ள நிக்கும். இதவிட பெருசா வெட்டாதீங்க, ரெண்டு வருஷ இடைவெளி வெறும் 10 சென்ரிமீட்டர்தான். நம்ம பக்கம் மூடுபனி காலத்துல வெறும் தாள் நமுத்து சுருண்டுக்கும். பிஸ்கட் பெட்டி அட்டை நல்லா நிக்கும்.

இப்ப 1867ல ஜேம்ஸ் டெய்லர்ங்கிற துரை லூல்கந்துரை தோட்டத்துல தேயிலை பயிரிட்டதுக்கான அட்டைய மாட்டச் சொல்லுங்க. அடுத்தது 1869, கோப்பியில இலைத்துரு நோய். கோப்பி அழிஞ்ச பிறகுதான் தேயிலை வந்துச்சுன்னு எழுதுற புள்ளைங்க நிறைய. தேயிலை அட்டை முன்னுக்குத் தொங்குறத கண்ணால பாத்துட்டா அந்தப் பிழை திரும்ப வராது. கொழும்பு–கண்டி ரயிலும் அதே 1867. அந்த அட்டைய தேயிலைக்குக் கீழயே கோத்து விடுங்க.

அடுத்தது சொல் மீட்டல். ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு சொல், கீழ சொல்லக்கூடாத மூணு சொல். 'நாடற்றவர்'னா குடியுரிமை, இந்தியா, இலங்கை மூணும் தடை. அஞ்சு பேர் குழு, 45 செக்கன். ஒருத்தர் விளக்கணும், மத்தவங்க கண்டுபிடிக்கணும். ஆனா கண்டுபிடிச்சா மட்டும் புள்ளி கிடையாது. அந்தச் சொல்ல கயிறுல சரியான இடத்துல மாட்டினாத்தான் புள்ளி. இந்த விதிய விட்டுட்டா இது வெறும் விளையாட்டாப் போயிடும்.

'துண்டு'ங்கிற சொல்ல நல்லா பாவிங்க. புள்ளைங்களுக்கு அது துணி, இல்லாட்டி கடதாசி. அந்தக் காலத்துல அது கடன் சீட்டு. தொழிலாளியோட கடன் இவ்வளவு, அதக் கட்டினா விடுவிக்கிறேன்னு தோட்டத்துரை எழுதிக் குடுக்கிறது. அந்தக் கடன புதுத் தோட்டத்துரை கட்டுவார், கடன் தொழிலாளி கூடவே போகும். 1921ல ஒழிச்சாங்க, அந்த இடத்துல மாட்டணும். 'கங்காணி'ய, அதாவது ஆள் சேர்த்து வேலை வாங்கினவர, எங்க மாட்டுறதுன்னு சண்டை வரும், வரட்டும். ஒரு வருஷத்துல அடங்குற சொல் இல்ல அது. ரெண்டு கிளிப் போட்டு நூல் இழுத்துக் காட்டச் சொல்லுங்க. 'பிரஜாவுரிமை', 'குடியுரிமை' ரெண்டையும் ஒரே அட்டையில எழுதுங்க. வீட்டுல தாத்தா, அப்பாயி சொல்றது முதல் சொல், புத்தகத்துல இருக்கிறது ரெண்டாவது.

இப்ப கடலை. இந்திய வம்சாவளி நாடற்றவங்கள யார் ஏத்துக்கிறதுன்னு இலங்கையும் இந்தியாவும் செஞ்ச 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துல கணக்கெடுத்தது 9,75,000 பேர. ஒரு கடலை 25,000 பேர்னா மொத்தம் 39. இந்தியாவுக்கு 5,25,000, அதாவது 21 கடலை. இலங்கைக்கு 3,00,000, 12 கடலை. மிச்சம் 6 கடலைய மேசை நடுவுல வைக்கச் சொல்லுங்க. முடிவில்லாம விட்ட 1,50,000 பேர் அது. 1974 சிறிமா–இந்திரா ஒப்பந்த அட்டைய மாட்டுற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. கயிறுல அரை மீட்டர் தள்ளிப் போனாத்தான் ரெண்டு நாட்டுக்கும் மூணு மூணாப் பிரிக்கலாம். அவ்வளவு காலம் காத்திருந்தது கை அளவுல தெரியும்.

கடலைக்குப் பதிலா புள்ளைங்களயே எழுப்பி ரெண்டு பக்கமா நிறுத்தாதீங்க. அண்ணன் அங்க, தம்பி இங்கன்னு பிரிஞ்ச குடும்பம் நம்ம வகுப்புலயே இருக்கும். வீட்டுக் கதைய அட்டையில எழுத விரும்புற புள்ள எழுதட்டும், யாரையும் கேட்டு வாங்காதீங்க. அதுக்குன்னு பத்து வெத்து அட்டையும் ஒரு பென்சிலும் கயிறோட கடைசித் தூண்கிட்ட வச்சிடுங்க.